அஷ்யூர் மேனேஜ்டு டிஸ்க்: வடசென்னை அலுவலகங்களுக்கு எது போதும், எது வீண்

பாரிமுனையிலிருந்து மண்ணடி, சவுகார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் வரை போனால் வியாபாரம் பலவகை. உள்ளே ஓடும் கணினி வேலை மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஒரு டேலி, ஒரு பில்லிங் மென்பொருள், அதன் பின்னால் எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ். தம்பு செட்டித் தெரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகம் என்றால் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஏற்றுவதற்கு பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிப் படிவம்) தயாரிக்கும் மென்பொருளும், ஸ்கேன் செய்த பிடிஎஃப் குவியலும் சேரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் தரைத்தளங்களில் என்ன செய்தது என்று பார்த்தவர்கள், மேசைக்கடியில் இருந்த சர்வரைக் கிளவுடுக்கு மாற்ற யோசிப்பதில் ஆச்சரியம் இல்லை. அப்படி மாறும்போது எத்தனை கோர், எவ்வளவு ரேம் என்று துருவிக் கேட்கிறார்கள். டிஸ்க்கைப் பற்றி "எத்தனை ஜிபி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பணம் கசிவதும் டேட்டா போவதும் அந்த இடத்தில்தான். அதனால் மைக்ரோசாஃப்ட் அஷ்யூரின் மேனேஜ்டு டிஸ்க் சேவையை (கிளவுட் கணினிக்கான டிஸ்க்கை அஷ்யூரே பராமரித்து வாடகைக்குத் தருவது) மட்டும் தனியாக எடுத்து இங்கே எடைபோடுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சேவை நம்பகமானது, கணக்குப் புத்தகத்தை வைக்கலாம். ஆனால் இதில் வேகம் அளவோடு ஒட்டி விற்கப்படுகிறது. அந்த வேகத்தை உங்கள் விஎம்மால் (கிளவுடில் வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் கணினி) வாங்கிக்கொள்ள முடியுமா என்பது வேறொரு பக்கத்தில் எழுதியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் வாங்கினால், கொடுத்த காசுக்கு வேகம் வராது.

ஏன் அஷ்யூர் என்றால், ஊர்தான் முதல் காரணம். 2015-ல் இந்தியாவில் திறந்த மூன்று ரீஜன்களில் (டேட்டா சென்டர்கள் இருக்கும் வட்டாரம்) சென்ட்ரல் இந்தியா புணேயில், வெஸ்ட் இந்தியா மும்பையில், சவுத் இந்தியா நம் சென்னையில். அமேசானுக்கு மும்பையும் ஹைதராபாத்தும், கூகுளுக்கு மும்பையும் டெல்லியும். ரிமோட் டெஸ்க்டாப்பில் நாள் முழுக்க வவுச்சர் போடுகிற கணக்கருக்கு, விசையைத் தட்டியதும் எழுத்து திரையில் விழ வேண்டும். சர்வர் இதே ஊரில் இருப்பது அதற்கு நல்லது.

அதற்கு ஒரு விலையும் உண்டு. சவுத் இந்தியாவில் அவைலபிலிட்டி ஸோன் (ஒரே ரீஜனுக்குள் தனித்தனியாகப் பிரித்து வைத்த டேட்டா சென்டர்கள்) கிடையாது. அதனால் டிஸ்க்கின் பிரதிகளை மூன்று ஸோன்களில் பிரித்து வைக்கும் இசட்ஆர்எஸ் வகையை இங்கே எடுக்க முடியாது, எல்ஆர்எஸ் மட்டும்தான். அதிலும் மூன்று பிரதிகள் இருக்கும், ஆனால் மூன்றும் ஒரே டேட்டா சென்டருக்குள். ஒரு ஹார்டுவேர் பழுதானால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஊருக்கே வந்த கேடு என்றால் அது காப்பாற்றாது. பேக்கப் ஏன் புணேக்குப் போக வேண்டும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வகைகள், சுருக்கமாக

ஸ்டாண்டர்டு ஹெச்டிடி, ஸ்டாண்டர்டு எஸ்எஸ்டி, பிரீமியம் எஸ்எஸ்டி, பிரீமியம் எஸ்எஸ்டி வி2, அல்ட்ரா என ஐந்து. அல்ட்ராவை இந்த அளவு வேலைக்கு மறந்துவிடலாம். ஸ்டாண்டர்டு ஹெச்டிடியை ஓஎஸ் டிஸ்க்காக (விண்டோஸோ லினக்ஸோ இருக்கும் டிஸ்க்) எடுக்கவே வேண்டாம். எஸ்எல்ஏவை, அதாவது எத்தனை சதவீத நேரம் ஓடும் என்ற ஒப்பந்த உறுதியைப் பார்த்தாலே காரணம் புரியும். தனி விஎம் ஒன்றின் எல்லா டிஸ்க்கும் பிரீமியம் என்றால் 99.9 சதவீதம், ஸ்டாண்டர்டு எஸ்எஸ்டி என்றால் 99.5, ஹெச்டிடி என்றால் 95. 30 நாள் மாதத்துக்குக் கணக்குப் போட்டால் முறையே சுமார் 43 நிமிடம், 3.6 மணி நேரம், 36 மணி நேரம் நின்றாலும் அது ஒப்பந்தத்துக்குள்தான். ஒரே விஎம்மில் கலந்து போட்டால் தாழ்ந்த வகைக்கு உரிய எஸ்எல்ஏவே பொருந்தும்.

பில்லிங்கில் ஒரு வேறுபாட்டை விற்பனையாளர்கள் சொல்வதில்லை. ஸ்டாண்டர்டு வகை இரண்டிலும் வாடகைக்கு மேல் ஒவ்வொரு படிப்புக்கும் எழுத்துக்கும் தனிக் கட்டணம் ஓடும். பிரீமியத்தில் அது கிடையாது. பத்துப் பேர் நாள் முழுக்க அடிக்கிற டேட்டாபேஸை "மலிவு" என்று ஸ்டாண்டர்டு எஸ்எஸ்டியில் வைத்தால், வாடகையும் பரிவர்த்தனைக் கட்டணமும் சேர்ந்து பிரீமியத்தை நெருங்கிவிடும். இதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

அளவுகள் படிக்கட்டு மாதிரி: 32, 64, 128, 256, 512 ஜிபி என ஏறும். 130 ஜிபி கேட்டால் 256 ஜிபி படிக்குத்தான் பில். பாதி குடோனில்தான் மூட்டை அடுக்கியிருக்கிறீர்கள் என்பதற்காக மிண்ட் தெருவில் யாரும் பாதி வாடகை வாங்க மாட்டார்கள். இங்கும் அதே கணக்கு. ஆகவே படியின் முழு அளவையே கேளுங்கள். 200 ஜிபி டிஸ்க் என்று ஒன்றை உருவாக்குவதில் அர்த்தமே இல்லை. அதே பணத்துக்கு 256 கிடைக்கிறது.

இரண்டு உச்சவரம்புகள்

பிரீமியம் வரிசையில் பி4 (P4) என்பது 32 ஜிபி: 120 ஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை படிப்பு, எழுத்து), நொடிக்கு 25 எம்பி. பி6 என்பது 64 ஜிபி: 240 ஐஓபிஎஸ், 50 எம்பி. பி10, 128 ஜிபி: 500, 100 எம்பி. பி15, 256 ஜிபி: 1,100, 125 எம்பி. பி20, 512 ஜிபி: 2,300, 150 எம்பி. பி30, 1 டிபி: 5,000, 200 எம்பி.

இந்த இரண்டு எண்களில் எது முதலில் முட்டுகிறதோ அதுதான் உங்கள் வேகம். எஸ்க்யூஎல் சர்வர் 8 கேபி பக்கங்களாகப் படிக்கும். பி10-ல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படித்தால் 500 பெருக்கல் 8 கேபி, அதாவது நொடிக்குச் சுமார் 4 எம்பி. "100 எம்பி" என்று பட்டியலில் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. பெரிய கோப்பை நகலெடுக்கும்போதுதான் அந்த 100 தெரியும். லெட்ஜர் தேடும்போது 500-தான் தெரியும்.

நல்ல வேளையாக பி20 வரையுள்ள சிறிய பிரீமியம் டிஸ்க்குகளுக்கு பர்ஸ்ட் உண்டு. சும்மா இருக்கும் நேரத்தில் கிரெடிட் சேர்ந்து, தேவைப்படும்போது 3,500 ஐஓபிஎஸ், 170 எம்பி வரை, அதிகபட்சம் 30 நிமிடம் ஓடும். காலையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் டேலியைத் திறப்பது, விண்டோஸ் பூட் ஆவது போன்றவற்றுக்கு இது தாராளம். ஜிஎஸ்டிஆர்-3பி கெடு நாளான 20-ம் தேதிக்கு முந்தைய இரண்டு நாட்கள் அறிக்கை மேல் அறிக்கையாக எடுக்கும்போதுதான் கிரெடிட் தீரும். அப்போது திடீரென மந்தமாகும். "நேற்று வரை நன்றாகத்தானே ஓடியது" என்ற புகார் வரும். அதற்காகப் பெரிய டிஸ்க் வாங்க வேண்டாம். டிஸ்க்கின் பக்கத்தில் சைஸ் அண்டு பெர்ஃபார்மன்ஸ் என்பதைத் திறந்து, அளவை அப்படியே விட்டு, பெர்ஃபார்மன்ஸ் டியரை மட்டும் பி20-க்கு உயர்த்தலாம். விஎம்மை நிறுத்தத் தேவையில்லை. அந்த நாட்களுக்கு மட்டும் பி20 விலை. முடிந்ததும் இறக்கிவிடுங்கள், இறக்குவதை 12 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் அனுமதிப்பார்கள். பெரிய டிஸ்க்காக மாற்றியிருந்தால் திரும்ப வர வழியே இல்லை, ஏனென்றால் மேனேஜ்டு டிஸ்க்கைச் சுருக்க முடியாது. இந்தச் சேவையில் நமக்கு மிகவும் பிடித்த வசதி இந்த டியர்தான். இதைப் பயன்படுத்துகிற அலுவலகங்கள் மிகக் குறைவு என்பதுதான் வருத்தம்.

இரண்டாவது உச்சவரம்பு விஎம்முடையது. பலரும் எடுக்கிற பர்ஸ்டபிள் வகை மெஷின் பி2எம்எஸ் (B2ms; பி10 போன்ற டிஸ்க் பெயர்களோடு சம்பந்தமில்லை): இரண்டு கோர், 8 ஜிபி ரேம். கேஷ் (விஎம் ஓடும் அசல் மெஷினில், அதாவது ஹோஸ்டில், வைக்கும் தற்காலிக நகல்) இல்லாத டிஸ்க் போக்குவரத்துக்கு அது தரும் வரம்பு 1,920 ஐஓபிஎஸ், நொடிக்கு 22.5 எம்பி. பி2எஸ் (B2s) இன்னும் குறைவு: 1,280, 15 எம்பி. பி2எம்எஸ் மெஷினில் 150 எம்பி தரும் பி20-ஐ மாட்டினாலும் வருவது 22.5 எம்பிதான். 100 ஜிபி பேக்கப் கோப்பை எழுத சுமார் 76 நிமிடம் ஆகும். அதே டிஸ்க்கை டி2எஸ் வி5 (D2s v5) மெஷினில் மாட்டினால், அதன் அடிப்படை வரம்பு 3,750 ஐஓபிஎஸ், 85 எம்பி. அதே வேலை சுமார் 20 நிமிடத்தில் முடியும். டிஸ்க்குக்குக் கொடுக்கிற கூடுதல் பணத்தை மெஷினுக்குக் கொடுத்திருக்கலாம் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

மந்தமாக இருக்கிறது என்று புகார் வந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. விஎம்மின் மெட்ரிக்ஸ் பக்கத்தில் "டேட்டா டிஸ்க் ஐஓபிஎஸ் கன்ஸ்யூம்டு பெர்சென்டேஜ்", "விஎம் அன்கேஷ்டு பேண்ட்வித் கன்ஸ்யூம்டு பெர்சென்டேஜ்" என்று இரண்டு கோடுகள் உண்டு. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். முதலாவது 100-ல் ஒட்டிக்கொண்டிருந்தால் டிஸ்க்கை மாற்றுங்கள். இரண்டாவது ஒட்டியிருந்தால் மெஷினை மாற்றுங்கள். இரண்டும் கீழேயே இருந்தால் கோளாறு பெரும்பாலும் மென்பொருளிலோ இணைய இணைப்பிலோ இருக்கிறது, டிஸ்க்குக்குச் செலவழித்துப் பயனில்லை.

ஹோஸ்ட் கேஷ் அமைப்பையும் கவனிக்க வேண்டும். டேலி டேட்டா, எஸ்க்யூஎல்லின் டேட்டா கோப்பு உள்ள டிஸ்க்குக்கு ரீட் ஒன்லி. லாக் கோப்பு உள்ள டிஸ்க்குக்கு நன் (None, கேஷ் வேண்டாம்). ஓஎஸ் டிஸ்க்குக்கு இயல்பாக வரும் ரீட் ரைட் அப்படியே இருக்கட்டும். டேட்டா டிஸ்க்கில் ரீட் ரைட் வைத்தால், எழுதியதை உறுதிசெய்யாத மென்பொருளில் ஹோஸ்ட் விழும் நேரத்தில் கடைசிப் பதிவுகள் போகும் அபாயம் உண்டு. கேஷை மாற்றும்போது டிஸ்க் ஒரு கணம் கழன்று மாட்டும், ஆகவே எஸ்க்யூஎல்லை நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

இரண்டு பி10-ஐ விண்டோஸின் ஸ்டோரேஜ் ஸ்பேசஸில் சேர்த்து ஸ்ட்ரைப் செய்தால் (இரண்டிலும் பிரித்து எழுதும்படி ஒன்றாக்கினால்) 1,000 ஐஓபிஎஸ், 200 எம்பி வரும். விலை ஏறத்தாழ ஒரு பி15 அளவுதான். கோப்பு நகலெடுப்பு அதிகம் உள்ள இடத்தில் நல்ல யோசனை. ஆனால் அதன் பிறகு தனித்தனி டிஸ்க்குகளுக்கு வெவ்வேறு நேரத்தில் ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்து நகல்) எடுத்தால் இரண்டும் பொருந்தாது, மீட்டெடுத்த வால்யூம் உடைந்திருக்கும். எல்லா டிஸ்க்கையும் ஒரே கணத்தில் பிடிக்கும் அஷ்யூர் பேக்கப்பையே நம்ப வேண்டும். சிறு அலுவலகங்களுக்கு இந்தச் சிக்கல் தேவையில்லை என்பது நம் எண்ணம்.

டி டிரைவ் என்ற பொறி

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். நம் ஊரில் கணினி வாங்கிய நாளிலிருந்து சி டிரைவில் விண்டோஸ், டி டிரைவில் டேட்டா என்று பழகியிருக்கிறோம். டேலி டேட்டா ஃபோல்டரும் டி-யில்தான் இருக்கும். அஷ்யூரில் பல விஎம்களில் டி டிரைவ் தயாராகவே இருக்கும். பெயர் டெம்பரரி ஸ்டோரேஜ். பி2எம்எஸ்-இல் 16 ஜிபி. அது ஹோஸ்ட் மெஷினில் உள்ள தற்காலிக இடம். உங்கள் மேனேஜ்டு டிஸ்க்கில் சேராது. விண்டோஸ் தன் பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது பயன்படுத்தும் கோப்பு) அங்கே வைத்துக்கொள்ளும், அதோடு டேட்டா அழியும் என்று எச்சரிக்கும் ஒரு டெக்ஸ்ட் கோப்பும் கிடக்கும். விஎம்மை டீஅலொகேட் செய்தாலோ (நிறுத்தி, ஒதுக்கிய ஹோஸ்டை விட்டுவிட்டாலோ), அது வேறு ஹோஸ்டுக்கு நகர்ந்தாலோ அந்த இடம் காலி. பேக்கப்பிலும் அது சேராது.

இதைச் செலவு மிச்சத்தோடு சேர்த்துப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு ஆட்டோ ஷட்டவுன் போட்டால் பணம் மிச்சம் என்று நல்ல ஆலோசனைதான் சொல்வார்கள். அந்த ஆட்டோ ஷட்டவுன் விஎம்மை டீஅலொகேட் செய்கிறது. டி-யில் டேலி டேட்டா இருந்தால் முதல் நாள் இரவே அது போய்விடும். திரும்ப எடுக்க எந்த வழியும் இல்லை.

தனி டேட்டா டிஸ்க் ஒன்றை மாட்டி எஃப் என்று எழுத்துக் கொடுத்துவிடுவதுதான் எளிய தீர்வு. பழைய மென்பொருள் டி-தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், பேஜ் ஃபைலை சி-க்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். டெம்ப் டிரைவின் எழுத்தை டி-யிலிருந்து வேறொன்றாக, உதாரணமாக இசட் என்று மாற்றுங்கள். புதிய டேட்டா டிஸ்க்குக்கு டி எழுத்தைக் கொடுங்கள். பிறகு பேஜ் ஃபைலை இசட்டுக்குத் திருப்பி, மீண்டும் ஒரு ரீஸ்டார்ட். இதன் பிறகு மெஷின் வேறு ஹோஸ்டுக்குப் போனாலும் அஷ்யூர் அந்த டி-யைப் பறிக்காது. இன்னொரு வழி, டெம்ப் டிஸ்க்கே இல்லாத டி2எஸ் வி5 போன்ற அளவைத் தொடக்கத்திலேயே எடுப்பது. டெம்ப் உள்ள விண்டோஸ் விஎம்மை டெம்ப் இல்லாத அளவுக்கு நேரடியாக ரீசைஸ் செய்ய விடமாட்டார்கள் என்பதால் முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

லினக்ஸிலும் இதே கதைதான். உபுண்டுவில் அந்த இடம் எம்என்டி (/mnt) டைரக்டரியில் மவுண்ட் ஆகியிருக்கும்.

டேட்டா டிஸ்க்கை மாட்டும்போதும் பெரிதாக்கும்போதும்

அஷ்யூர் போர்ட்டலில் டிஸ்க்கை இணைத்ததும் விண்டோஸில் தானாக வந்துவிடாது. டிஸ்க் மேனேஜ்மென்டில் ஆஃப்லைன் என்று காட்டினால் ஆன்லைன் செய்து, இனிஷியலைஸ் கேட்கும்போது ஜிபிடி தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் எடுத்தால் 2 டிபிக்கு மேல் வளர முடியாது. எஸ்க்யூஎல் டேட்டாவுக்கு அலொகேஷன் யூனிட் 64 கே.

லினக்ஸில் எஸ்டிசி, எஸ்டிடி என்ற பெயர்களை நம்பி, டிஸ்க்குகளை மவுண்ட் செய்யும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் எழுதாதீர்கள். ரீபூட்டுக்குப் பின் பெயர் மாறலாம். மாறாத அடையாள எண்ணான யுயுஐடியை (UUID) எழுதி, கூடவே நோஃபெயில் (nofail) என்ற ஆப்ஷனையும் சேருங்கள். நோஃபெயில் இல்லாமல், என்றாவது அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ரீபூட் செய்தால் மெஷின் எமர்ஜென்சி நிலையில் நின்றுவிடும், எஸ்எஸ்ஹெச்சும் வராது. பூட் டயக்னாஸ்டிக்ஸை முன்பே இயக்கி வைத்திருந்தால் சீரியல் கன்சோல் வழியே உள்ளே போய் அந்த வரியைத் திருத்தலாம். இல்லையென்றால் ஓஎஸ் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு விஎம்மில் டேட்டா டிஸ்க்காக மாட்டித் திருத்த வேண்டியிருக்கும். அரை நாள் போகும்.

பெரிதாக்குவது இரண்டு கட்ட வேலை. போர்ட்டலில் அளவைக் கூட்டுவது முதல் பாதி மட்டுமே. டேட்டா டிஸ்க்கை விஎம் ஓடும்போதே கூட்டலாம். ஓஎஸ் டிஸ்க்குக்கு டீஅலொகேட் செய்துவிட்டுக் கூட்டுவதுதான் பாதுகாப்பு. விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்டில் ரீஸ்கேன் கொடுத்து, வால்யூம் மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்டென்ட். சில விண்டோஸ் இமேஜ்களில் எக்ஸ்டென்ட் மங்கியே இருக்கும். சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவில் ரெகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். ரீஏஜென்ட்-சி (reagentc) கட்டளையால் ரெகவரியை டிசேபிள் செய்து, டிஸ்க்பார்ட்டில் அந்தப் பார்ட்டிஷனை ஓவர்ரைடு சேர்த்து நீக்கினால் வழி திறக்கும். அதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் கட்டாயம்.

லினக்ஸில் முதலில் க்ரோபார்ட் (growpart) கட்டளை, பிறகு கோப்பு அமைப்பு இஎக்ஸ்டி4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ் (resize2fs), எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ் க்ரோஎஃப்எஸ் (xfs_growfs). ரெட்ஹேட் இமேஜ்களில் எல்விஎம் இருக்கும் என்பதால் இடையில் பிவிரீசைஸ் (pvresize), எல்விஎக்ஸ்டென்ட் (lvextend) என்று இரண்டு படிகள் கூடும். ரூட் முழுக்க நிரம்பி 100 சதவீதம் ஆன பின் க்ரோபார்ட் ஓடாது, தற்காலிகக் கோப்பு எழுதக்கூட இடம் இல்லை என்று நின்றுவிடும். டெம்ப் டைரக்டரியில் ஒரு டெம்ப்எஃப்எஸ் மவுண்ட் செய்துவிட்டு மறுபடி ஓட்டினால் சரியாகும்.

சுருக்க வேண்டுமென்றால் நேர்வழி இல்லை. சிறிய டிஸ்க் ஒன்றை மாட்டி, எல்லோரையும் வெளியேற்றி, ரோபோகாப்பியில் மிர் (/MIR) மற்றும் காப்பிஆல் (/COPYALL) ஆப்ஷன்களுடன் நகலெடுங்கள்; காப்பிஆல் இல்லாவிட்டால் ஃபோல்டர் பெர்மிஷன்கள் வராது. எழுத்துகளை மாற்றி, சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, பழையதற்கு ஸ்னாப்ஷாட் எடுத்து நீக்குங்கள்.

பில்லில் ஒட்டிக்கொள்பவை

விண்டோஸின் ஸ்டார்ட் மெனுவிலிருந்து ஷட்டவுன் கொடுத்தால் போர்ட்டலில் ஸ்டாப்டு என்று மட்டும் காட்டும். மெஷின் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். போர்ட்டலில் ஸ்டாப் கொடுத்து, ஸ்டாப்டு டீஅலொகேட்டட் என்று வந்தால்தான் மெஷின் வாடகை நிற்கும். அப்போதும் டிஸ்க் வாடகை நிற்காது. விஎம் ஒரு வருடம் தூங்கினாலும் டிஸ்க்குக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். நீண்ட நாள் தேவைப்படாது என்றால் டீஅலொகேட் செய்து டிஸ்க் வகையை ஸ்டாண்டர்டு ஹெச்டிடிக்கு இறக்கலாம். ஒரு நாளில் இரண்டு முறைதான் வகையை மாற்ற முடியும்.

விஎம்மை நீக்கினாலும் டிஸ்க் தானாகப் போகும் என்று நினைக்க வேண்டாம். உருவாக்கும்போது டெலீட் வித் விஎம் என்ற குறி இல்லாத டிஸ்க்குகள் அப்படியே நிற்கும். போர்ட்டலில் டிஸ்க்ஸ் பட்டியலைத் திறந்து, நிலை அன்அட்டாச்டு என்று இருப்பவற்றை மாதம் ஒருமுறை பாருங்கள். மென்பொருள் விற்றவர் டெமோவுக்குப் போட்ட பி20 ஒன்று அங்கே நின்றுகொண்டிருக்கலாம். நீக்கும் முன் யாருடையது என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் டேக் போடும் பழக்கம் வேண்டும். நீக்கிய டிஸ்க்குக்குக் குப்பைத்தொட்டி கிடையாது. ஆகவே கணக்கு உள்ள டிஸ்க்குக்கு ரிசோர்ஸ் லாக்கில் டெலீட் லாக் போட்டுவிடுங்கள், இலவசம்தான்.

விண்டோஸ் சர்வரின் இயல்பான இமேஜ் 127 ஜிபி ஓஎஸ் டிஸ்க்கோடு வரும், அதாவது 128 ஜிபி படி. ஸ்மால்டிஸ்க் என்று குறித்த இமேஜ் 30 ஜிபி. அதில் அப்டேட்டுகள் சேரச் சேர மூச்சு முட்டும். அதை எடுத்து 64 ஜிபிக்குக் கூட்டினால் பாதிப் படி மிச்சம். டேட்டாவை ஓஎஸ் டிஸ்க்கில் வைக்காதவர்களுக்கு இது போதும்.

ஸ்னாப்ஷாட்டும் பேக்கப்பும்

இன்க்ரிமென்டல் ஸ்னாப்ஷாட் மலிவு. 128 ஜிபி டிஸ்க்கில் 40 ஜிபி நிரம்பியிருந்தால் முதல் முறை 40-க்குக் கட்டணம், அடுத்தடுத்து மாறிய பகுதிக்கு மட்டும். இரவு தோறும் எஸ்க்யூஎல் பேக்கப் கோப்பை அதே டிஸ்க்கில் எழுதினால் இந்தச் சிக்கனம் போய்விடும். தினமும் முழு டேட்டாபேஸ் அளவும் "மாறிய பகுதி"யாகச் சேரும். தனி ஸ்னாப்ஷாட் என்பது மின்சாரம் போன கணத்தில் டிஸ்க் இருந்த நிலை. டேட்டாபேஸ் ஓடும்போது எடுத்தது பெரும்பாலும் எழுந்துவிடும், ஆனால் உத்தரவாதம் இல்லை. அஷ்யூர் பேக்கப் விண்டோஸின் விஎஸ்எஸ் வழியாக எஸ்க்யூஎல்லிடம் சொல்லி, எழுதி முடித்த நிலையில் எடுக்கும். கணக்கு உள்ள மெஷினுக்கு இதுதான் வேண்டும்.

பேக்கப் சேரும் இடமான ரெகவரி சர்வீசஸ் வால்ட்டை உருவாக்கியதும், எதையும் பாதுகாக்கத் தொடங்கும் முன், ரிப்ளிகேஷன் ஜிஆர்எஸ் (இன்னொரு ரீஜனிலும் பிரதி) என்று இருக்கிறதா பாருங்கள். பேக்கப் சேர்ந்த பிறகு மாற்ற முடியாது. சவுத் இந்தியாவின் ஜோடி ரீஜன் சென்ட்ரல் இந்தியா. ஜிஆர்எஸ் இருந்தால் பிரதி புணேக்குப் போகும். கிராஸ் ரீஜன் ரீஸ்டோரையும் இயக்கினால் சென்னை ரீஜன் எட்டாத நாளிலும் அங்கே விஎம்மை எழுப்பலாம். ஸோன் இல்லாத ஊரில் டிசம்பர் மழையை நினைத்தால் இந்தச் செலவைத் தவிர்க்கவே கூடாது.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப வேண்டாம். மாதம் ஒருமுறை டிஸ்க்கை மட்டும் ரீஸ்டோர் செய்து ஒரு சோதனை மெஷினில் மாட்டி, டேலி கம்பெனி திறக்கிறதா என்று பாருங்கள். அசல் மெஷினிலேயே மாட்டினால் விண்டோஸ் ஒரே சிக்னேச்சர் என்று டிஸ்க்கை ஆஃப்லைனில் வைக்கும். எக்ஸ்எஃப்எஸ் யுயுஐடி மோதல் என்று மவுண்ட் மறுக்கும், நோயுயுஐடி ஆப்ஷன் கொடுத்தால் ஏற்கும்.

எதை வாங்கலாம்

பத்துப் பேர் டேலியும் ஒரு சிறு எஸ்க்யூஎல்லும் ஓட்டும் அலுவலகத்துக்கு: டி2எஸ் வி5, ஓஎஸ்ஸுக்கு பிரீமியம் 64 ஜிபி, டேட்டாவுக்கு ஒரு பி10, ரீட் ஒன்லி கேஷ், ஜிஆர்எஸ் வால்ட். இலவச எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸில், 2022 பதிப்பு வரை, ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்டாது என்பதால் 128 ஜிபி நெடுநாள் வரும். மூன்று நான்கு பேர் மட்டும் என்றால் பி2எம்எஸ்-உடன் ஸ்டாண்டர்டு எஸ்எஸ்டியே போதும். அந்த மெஷினுக்குப் பிரீமியத்தின் பெரிய படிகள் வீண்.

அமேசானின் ஜிபி3 (gp3) டிஸ்க் இந்த விஷயத்தில் நேர்மையானது: எந்த அளவு எடுத்தாலும் 3,000 ஐஓபிஎஸ், 125 எம்பி அடிப்படையாக வரும், ஜிபி கணக்கில் பில். அஷ்யூரில் அதற்கு இணை பிரீமியம் எஸ்எஸ்டி வி2. அதே 3,000, 125. ஜிபி ஜிபியாக வாங்கலாம். ஆனால் ஓஎஸ் டிஸ்க்காக ஆகாது, ஹோஸ்ட் கேஷும் இல்லை. நீங்கள் எடுக்கும் ரீஜனில், மெஷின் அளவில் அது பட்டியலில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் டேட்டாவுக்கு பி10-ஐ விட அதையே எடுப்போம்.

கஸ்டம்ஸ் புரோக்கர்களுக்குக் கடைசியாக ஒன்று. 2018 லைசென்சிங் விதிகளின்படி ஆவணங்களைக் குறைந்தது ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த ஸ்கேன் பிடிஎஃப்களை பிரீமியம் டிஸ்க்கில் வளரவிட்டால் ஒவ்வொரு வருடமும் ஒரு படி ஏறுவீர்கள், திரும்ப இறங்க முடியாது. நடப்பு நிதியாண்டு மட்டும் டிஸ்க்கில் இருக்கட்டும். பழையதை அஷ்யூரின் கோப்புக் கிடங்கான பிளாப் ஸ்டோரேஜில், குறைந்த வாடகையுள்ள கூல் டியருக்கு ஏஇசட்காப்பி (AzCopy) கருவியால் ஏற்றி, கோப்பு எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு டிஸ்க்கிலிருந்து நீக்குங்கள். கூலில் போட்டதை 30 நாளுக்குள் அழித்தால் மீதி நாட்களுக்கும் கட்டணம் வரும், ஆகவே வரிசைப்படுத்தும் வேலையை டிஸ்க்கிலேயே முடித்துவிட்டு ஏற்றுங்கள்.